காவலும் பொறுப்பும்: ஊவாவில் பொலிஸ் பலப்பிரயோகம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மலையகத் தமிழர் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் குடிபெயர்வு, கூலி, பிரஜாவுரிமை, தொழிற்சங்கம் ஆகிய நான்கனையுமே மையமாகக் கொண்டு எழுதியுள்ளனர். அவை முதன்மையானவை என்பதில் ஐயமில்லை. எனினும் தோட்டத்து மனிதன் அரசு என்னும் நிறுவனத்தை நேருக்குநேர் சந்தித்த இடம் கச்சேரியுமன்று, நீதிமன்றமுமன்று. பெரும்பாலும் அது பொலிஸ்காரனின் துவக்கே. அத்துவக்கு எப்போது உயர்ந்தது, எவர் சொல்லால் உயர்ந்தது, உயர்ந்ததன் பின்னர் எவர் பொறுப்பேற்றனர் என்னும் வினாக்களைத் தனியே எடுத்து ஆராய்ந்த கட்டுரைகள் மிகச் சிலவே. பலத்தைப் பயன்படுத்த வேண்டிய இடத்திற் பயன்படுத்தாது கைகட்டி நிற்பதும் பலப்பிரயோகத்தின் ஒரு வகையா என்பது இவற்றினும் கடினமான வினா. பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவவில் 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆம் நாள் நிகழ்ந்த கொலைகள் இவ்வினாவை நம் முன் வைக்கின்றன. அதனை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்லுதல் இன்றியமையாதது.

இலங்கைப் பொலிஸ் சேவைக்கு அடித்தளமாக அமைந்தது 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச்சட்டமாகும். கோப்பிப் பயிர்ச்செய்கை மலைநாட்டிற் செழித்திருந்த காலம் அது. குற்றங்கள் நிகழாது தடுத்தலையும் அமைதியைப் பேணுதலையும் பொலிஸாரின் கடமையென அச்சட்டம் தெளிவாகவே வகுத்தது. ஆயின் தோட்டப் பகுதியில் 'அமைதி' என்னும் சொல்லுக்கு வேறொரு பொருள் வழங்கியது. தோட்டம் தனியார் நிலம். அதனுள் நுழையும் சங்கத்துக்காரன் அத்துமீறிப் பிரவேசித்தவன். வேலை நிறுத்தியவன் ஒப்பந்தத்தை மீறியவன். துரைமார் சிலர் சமாதான நீதவான்களாகவும் இருந்தனர். வழக்குத் தொடுப்பவனும் வழக்கைக் கேட்பவனும் ஒரே விருந்து மேசையில் அமர்ந்த காலத்திற் பொலிஸார் எவருக்குக் காவலர் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இந்நிலை முதன்முதலில் நாடறிந்த அரசியற் பிரச்சினையாக உருவெடுத்தது 1937இலாகும். மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் என்னும் இளம் வெள்ளையர், தோட்டத் தொழிலைக் கற்க வந்து தொழிலாளர் பக்கம் சாய்ந்தமையால், அவரை நாடுகடத்தத் தேசாதிபதி கட்டளையிட்டார். உயர் நீதிமன்றம் அக்கட்டளையைச் செல்லாதென்றது. அவ்விவகாரத்திற் பொலிஸ் மா அதிபராக இருந்த பாங்ஸ், தமக்குப் பொறுப்பான உள்நாட்டமைச்சரின் அறிவோடு இயங்கினாரா அன்றேல் தேசாதிபதியின் அதிகாரிகளோடு மட்டும் இயங்கினாரா என்பதே அரசாங்க சபையிற் பெருவாதமாயிற்று. டொனமூர் யாப்பு 1931இல் மக்கள் பிரதிநிதிகளுக்கு அமைச்சுப் பதவிகளை வழங்கியது. ஆயினும் துவக்கு எவர் கையிலிருந்தது என்பதை அது தெளிவுபடுத்தவில்லை.

மூன்றாண்டுகளின் பின்னர் அதே வினா இரத்தத்தோடு எழுந்தது. 1940 ஜனவரி 10ஆம் நாள், ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் நடைபெற்ற வேலைநிறுத்தத்தின்போது பொலிஸார் சுட்டதிற் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். மலையகத் தொழிலாளர் இயக்கத்தின் முதற் களப்பலியென இன்றும் அவர் பெயரே சொல்லப்படுகின்றது. விசாரணை ஆணைக்குழுவொன்று நியமிக்கப்பட்டது. கோவிந்தனின் மனைவியின் சார்பிற் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா அதன் முன் தோன்றி வாதிட்டார். அதுகாறும் தோட்டத்துச் சாவு தோட்டத்துக்குள்ளேயே முடிந்துபோவதாக இருந்தது. ஒரு கூலியாளின் விதவைக்காக ஒரு நியாயவாதி எழுந்து பொலிஸ்காரனைக் குறுக்கு விசாரணை செய்தமை அக்காலச் சூழலிற் சிறிய காரியமன்று.

அதனினும் வியப்புக்குரியது அதன் அரசியல் விளைவாகும். முல்லோயா வேலைநிறுத்தம் தொடர்பான வழக்குகளை ஒத்திவைக்க இணங்குமாறு உள்நாட்டமைச்சர் சேர் பாரன் ஜயதிலக்க பொலிஸ் மா அதிபரைப் பணித்தார். பாங்ஸ் அதற்கு இணங்க மறுத்தார். தேசாதிபதி சேர் அன்ட்ரூ கல்டெகொட் பொலிஸ் மா அதிபரின் பக்கமே நின்றார். இதனை எதிர்த்து அமைச்சர்கள் அவை முழுவதும் பதவி துறந்தது. சிறிது காலத்தின் பின்னரே அமைச்சர்கள் மீண்டும் பதவியேற்றனர். இங்கு ஒன்றனை நாம் மறைத்தலாகாது. அமைச்சர்கள் போராடியது கோவிந்தனுக்காக அன்று, தம் அதிகாரத்துக்காகவே. பொலிஸார் அமைச்சருக்குக் கீழ்ப்படிய வேண்டுமென்று அன்று வாதிட்டோர், இறந்தவனின் குடும்பத்துக்குப் பொலிஸார் பதில்கூற வேண்டுமென்று வாதிடவில்லை. அதிகாரிக்கு மேலே ஒருவர் இருத்தல் வேறு. அதிகாரி கீழேயுள்ளவருக்கும் விடைகூறுதல் வேறு. இவ்விரண்டும் ஒன்றெனக் கொண்டமையே பிற்கால இலங்கையில் நேர்ந்த பல தவறுகளின் வேர் என்பது எமது கருத்தாகும்.

முல்லோயாவின் அலை தெற்கே ஊவாவுக்குப் பரவியது. பதுளையை அடுத்த வெவெஸ்ஸத் தோட்டத்தில் 1940இல் நடைபெற்ற வேலைநிறுத்தம் இலங்கை இடதுசாரி இயக்க வரலாற்றிற் சிறப்பிடம் பெற்றது. தொழிலாளர் தாமே ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர்; துரை அச்சபையைக் கலந்தே காரியமாற்ற உடன்பட்டார்; ஒழுங்கை நிலைநாட்டச் சென்ற ஆயுதப் பொலிஸாரிடமிருந்து தொழிலாளர் ஆயுதங்களைப் பறித்தனர் என்றும், பின்னர் பெருவெள்ளம் ஊவாவைப் பிற பகுதிகளினின்றும் துண்டித்திருந்த வேளையில் அடக்குமுறை முற்றாகக் கட்டவிழ்த்துவிடப்பட்டது என்றும் சமசமாஜக் கட்சியினர் எழுதியுள்ளனர். கட்சி எழுத்துக்குரிய மிகைப்பாட்டை ஓரளவு கழித்து நோக்கினும், அடிப்படை தெளிவு. பட்டினியால் அன்றி உரிமையுணர்வால் எழுந்த தொழிலாளர் கூட்டத்தை அரசு குற்றக்கூட்டமாகவே கண்டது. அவ்வாண்டு ஜூனிற் கலாநிதி என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன முதலிய தலைவர்கள் கைதாயினர். கொல்வினும் தொடர்ந்து சிறை புகுந்தார். கோவிந்தனைச் சுட்டமை பற்றி வினவியவர் சிறையிலிருக்க, வினவப்பட்டோர் சீருடையிலிருந்தனர்.

சுதந்திரத்தின் பின்னர் இந்நிலை மாறியிருத்தல் வேண்டும். ஆனால் நிகழ்ந்தது வேறு. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. மறு ஆண்டிலேயே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, வாக்குரிமையும் போயிற்று. இதன் பொருளாதார, சமூக விளைவுகளைப் பலர் எழுதியுள்ளனர். பொலிஸாரின் பொறுப்புடைமைக்கும் இதற்குமுள்ள தொடர்பு போதிய கவனம் பெறவில்லை. ஒரு தோட்டத்திற் சூடு நடந்தால் மறுநாள் பாராளுமன்றத்தில் எழுந்து நின்று அமைச்சரை வினவ ஓர் உறுப்பினர் வேண்டும். அவ்வுறுப்பினருக்கு அத்தோட்டத்து வாக்கு வேண்டும். வாக்கில்லாதவனின் சாவு அமைச்சருக்குச் சங்கடமன்று. 1956இல் டயகமத் தோட்டத்தில் ஏப்ரகாம் சிங்கோ பொலிஸாராற் சுடப்பட்டு இறந்தார். தமிழ்த் தொழிலாளரோடு நின்று உயிர்நீத்த சிங்களத் தொழிலாளி அவர். மலையகத்துச் சூட்டு வரலாறு வெறும் இனவரலாறன்று என்பதற்கு அவர் பெயரே சான்று. 1977 மே 11ஆம் நாள் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் வீழ்ந்தார். நுவரெலியா மாவட்டத்தில் ஏழாயிரம் ஏக்கர் தோட்ட நிலத்தைப் பகிர்ந்தளிக்கும் திட்டத்தை எதிர்த்த தொழிலாளர் மீது பொலிஸார் சுட்டபோது நிகழ்ந்தது அது. நிலப்பகிர்வு கைவிடப்பட்டது. அவ்வகையிற் போராட்டம் வென்றது. சுட்டவர் பொறுப்பு என்னும் பகுதி மட்டும் என்றும்போல எஞ்சிற்று.

இனிப் பிந்துனுவெவவுக்கு வருவோம். பண்டாரவளை நகரிலிருந்து சிறு தொலைவில் அமைந்த அவ்வூரிற் புனர்வாழ்வு நிலையமொன்று இருந்தது. சரணடைந்த இளைஞர் சிலரும் சந்தேகத்தின் பேரிற் கைதானோர் சிலரும் அங்கு வைக்கப்பட்டிருந்தனர். பெரும்பாலோர் வடக்கு, கிழக்கைச் சேர்ந்தோர். பதின்ம வயதைக் கடவாதோரும் அவர்களுள் இருந்தனர். சிறைச்சாலைக்குரிய மதிலோ கடுங்காவலோ அங்கு இல்லை. 2000 ஒக்டோபர் 24ஆம் நாள் மாலை, தம் விடுதலை தாமதமாவது குறித்து அவ்விளைஞர் நிலையப் பொறுப்பதிகாரியிடம் முறையிட்டனர். வாக்குவாதம் முற்றியது, நிலையத்துப் பொருள்கள் சேதமுற்றன, காவலர் வானோக்கிச் சுட்டதாகவும் கூறப்படுகின்றது. காவலிலுள்ளோர் தம் காவலின் கால எல்லையை வினவிய ஒரு முறைப்பாடு, அவ்வளவே. அன்றிரவே கலகலப்பு அடங்கியது. ஆனால் அவ்விரவே அவ்விளைஞருக்கு எதிரான சுவரொட்டிகள் பண்டாரவளைப் பகுதியிற் காணப்பட்டன.

மறுநாட் காலை இரண்டாயிரத்துக்கும் மூவாயிரத்துக்கும் இடைப்பட்ட தொகையினராகக் கூட்டம் திரண்டது. கத்தியும் தடியும் ஏந்தியோர் நிலையத்தினுட் புகுந்தனர். கட்டடங்கள் கொளுத்தப்பட்டன. நிலையத்திலிருந்த 41 பேருள் 27 பேர் கொல்லப்பட்டனர். 14 பேர் காயங்களோடு உயிர் தப்பினர். ஏறக்குறைய அறுபது பொலிஸார் ஆயுதத்தோடு அவ்விடத்தில் இருந்தனர். தீபாவளியை அண்டிய நாளது. தோட்ட லயங்களில் வாங்கி வைத்த புத்தாடைகளோடு அச்செய்தியும் வந்து சேர்ந்தது.

மனித உரிமைகள் ஆணைக்குழு விரைந்து அவ்விடம் சென்று இடைக்கால அறிக்கை தந்தது. கூட்டத்தைக் கலைக்கவோ தாக்கியோரைத் தடுக்கவோ பொலிஸார் தக்க முயற்சி எடுக்கவில்லையென்றும், அது பாரதூரமான கடமை தவறலென்றும் அது கண்டது. உயிர் தப்பியோரின் சாட்சியம் இன்னும் கொடியது: பொலிஸாரின் துவக்குகள் முற்றாக ஊமையாக இருக்கவில்லை, அவை வெடித்தபோது கூட்டத்தின் மீதன்றி, தப்பியோட முயன்ற இளைஞர் மீதே வெடித்தன என்பது அது.

எண்ணிக்கையிற் குறைந்த பொலிஸார் ஆயிரக்கணக்கானோரை எவ்வாறு தடுப்பர் என வினவுவோர் உளர். நேர்மையான வினாவே. ஆனால் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைந்து செல்லக் கட்டளையிடவும், கலையாவிடிற் பலத்தைப் பயன்படுத்தவும், போதாதவிடத்து இராணுவத்தை அழைக்கவும் வழி வகுத்துள்ளது. தியத்தலாவ இராணுவ முகாம் பண்டாரவளையிலிருந்து சில மைல் தொலைவிலேயே உள்ளது. முதல்நாள் மாலைக்கும் மறுநாட் காலைக்கும் இடையே ஓரிரவு முழுவதும் இருந்தது, சுவரொட்டிகள் எச்சரித்தன. தோட்டத்து மக்கள் வெறுங்கையோடு நின்றவிடத்தெல்லாம் சட்டக்கோவையின் இப்பிரிவுகள் பொலிஸாருக்கு உடனே நினைவில் வந்துள்ளன. டெவனிலும் டயகமவிலும் அவ்வக்காலத்துச் சட்டம் வந்தது. பிந்துனுவெவவில் மட்டும் வரவில்லை. ஆகவே பிரச்சினை துவக்கின் பற்றாக்குறையன்று. எவரைச் சட்டவிரோதக் கூட்டமாகக் காண்பது என்னும் கண்ணின் பிரச்சினையே.

ஈண்டு 1983 யூலை 25, 27 ஆகிய நாள்களில் வெலிக்கடைச் சிறைச்சாலையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டமையையும் நினைவுகூர்தல் தகும். அரசின் நேரடிக் காவலில் இருந்தோரைக் கொன்றமைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. அதனோடு ஒப்பிடுகையிற் பிந்துனுவெவ வேறுபட்டது. இங்கு அரசு ஓரளவு அசைந்தது. ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க 2001இல் நீதியரசர் பி. எச். கே. குலதிலக்கவைக் கொண்ட ஆணைக்குழுவை நியமித்தார். குற்ற வழக்கும் தொடுக்கப்பட்டது. பொலிஸாரும் பொதுமக்களும் எதிரிகளாயினர். கொழும்பு மேல் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் ஜூரிகளின்றி விசாரித்து 2003 யூலை 1ஆம் நாள் ஐவருக்கு மரண தண்டனை விதித்தனர். அவர்களுள் இருவர் பொலிஸ் அதிகாரிகள். தமிழர் கொலைக்காகப் பொலிஸ் அதிகாரிகள் இவ்வாறு தண்டிக்கப்பட்டமை நாட்டில் மிக அரிதாகையாற் பலர் அத்தீர்ப்பை ஒரு திருப்பமெனவே கொண்டனர். ஆனால் 2005 மே மாதத்தோடு ஐவரும் மேன்முறையீட்டில் உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டிருந்தனர்.

இத்தீர்ப்பைக் கண்டித்தல் எளிது, விளங்கிக்கொள்ளுதலே பயனுடையது. பொலிஸ் அதிகாரிகளுக்கு எதிரான வழக்கின் சாரம், செய்ய வேண்டியதைச் சட்டவிரோதமாகச் செய்யாது விட்டதன் மூலம் அவர்கள் கொலைக்கூட்டத்தின் பொதுநோக்கிற் பங்குகொண்டனர் என்பதாகும். அதாவது, நிற்றலே உடந்தை. ஒழுக்க நோக்கில் இது வலிமையான வாதம். ஆயினும் குற்றவியற் சட்டத்தில் ஐயத்துக்கு இடமின்றி நிறுவவேண்டியது ஒவ்வொருவரின் உள்நோக்கமுமாகும். கோழைத்தனத்தால் நின்றவனும், குழப்பத்தால் நின்றவனும், கட்டளைக்குக் காத்து நின்றவனும், மனமொப்பி நின்றவனும் வெளிப்பார்வைக்கு ஒரே தோற்றமுடையர். கொலைக்கூட்டத்தில் ஒருவர் என்னும் மிகப் பெருங் குற்றத்தை நிறுவ இயலாதவிடத்து, கடமையைக் கைவிட்டார் என்னும் இடைத்தரக் குற்றத்துக்குத் தகுந்த இடம் நம் சட்டத்தில் இல்லை. ஒன்று தூக்குமரம், அன்றேல் விடுதலை என அமைந்த சட்டத்தில் விடுதலையே பெரும்பாலும் வெல்லும். மேலதிகாரி தன் கீழுள்ளோரின் செயலுக்கும் செயலின்மைக்கும் விடைகூற வேண்டுமென்னும் கட்டளைப் பொறுப்புக் கோட்பாடு, இரண்டாம் உலகப் போரின் பின்னரான விசாரணைகள் முதற்கொண்டு சர்வதேசச் சட்டத்தில் வளர்ந்து வந்துள்ளது. பண்டாரவளைப் பொலிஸ் நிலையத்துக்கு அது வந்து சேரவில்லை.

எதிரிகள் விடுதலையானமையால் அரசும் விடுதலையாயிற்று என்று கொள்ளுதல் பெருந்தவறு. ஒருவரைக் கைதுசெய்து தன் காவலில் வைத்த கணமே அவர் உயிருக்கு அரசு பிணையாகின்றது. அப்பிணை எந்தக் காவலரின் உள்நோக்கத்தையும் சார்ந்ததன்று. 27 பேர் இறந்தனர். அவர்கள் அரசின் காவலில் இறந்தனர். இதனை மறுப்பார் இல்லை. ஆயினும் இவ்வெளிய உண்மைக்கு விடைகூற வேண்டிய இடம் நீதிமன்றக் கூண்டு அன்று, ஆணைக்குழுவே. அதனாலேயே குலதிலக்க ஆணைக்குழு அறிக்கையின் கதி எமக்கு முக்கியமாகின்றது. ஆணைக்குழு விசாரணையை முடித்து அறிக்கையை ஜனாதிபதியிடம் கையளித்தது. அரசாங்கம் அதனை வெளியிடவில்லை. 1948ஆம் ஆண்டின் விசாரணை ஆணைக்குழுக்கள் சட்டம் வெளியிடுமாறு கட்டாயப்படுத்தவுமில்லை. அச்சட்டத்தின்படி ஆணைக்குழு என்பது நாட்டுத் தலைவரின் காதுக்குள் சொல்லப்படும் செய்தியே. நாட்டு மக்களுக்குக் கூறப்படும் விடையன்று. ஆணைக்குழு திரட்டிய சான்றுகளைக் கொண்டு சட்டமா அதிபர் வழக்குத் தொடுக்க இடமளிக்கும் திருத்தம் 2008இலேயே வந்தது.

தமிழகத்தில் இதற்கொரு மறுபுறத்தைக் காணலாம். தூத்துக்குடியில் 2018 மே 22ஆம் நாள் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராகப் பேரணி சென்றோர் மீது பொலிஸார் சுட்டதில் 13 பேர் மாண்டனர். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 ஒக்டோபரிற் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. பொலிஸார் 17 பேர் மீது நடவடிக்கை எடுக்க அது பரிந்துரைத்தது. பரிந்துரைக்கும் தண்டனைக்கும் இடையே நெடுந்தூரம் உண்டு என்பதை அந்நாட்டு மக்களும் அறிவர். எனினும் அறிக்கை அச்சிலுள்ளது, எவரும் வாசிக்கலாம், பெயர்கள் உள்ளன, இறந்தோரின் தாய் ஒருத்தி அதனை எடுத்துக்கொண்டு நீதிமன்றப் படியேறலாம். பிந்துனுவெவவில் மகனை இழந்த தாய்க்கு அது கிடைக்கவில்லை.

பிந்துனுவெவவின் உடனடி எதிரொலி தோட்டப் பகுதிகளிலேயே எழுந்தது என்பதையும் இங்குக் குறித்தல் வேண்டும். இறந்தோர் மலையகத்தார் அல்லர். ஆயினும் தலவாக்கலை, ஹட்டன் முதலிய நகரங்களிற் கடைகள் அடைக்கப்பட்டன, தொழிலாளர் வீதிக்கு வந்தனர், மோதல்கள் மூண்டன, ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. வடக்கிலிருந்து வந்து ஊவாவில் மாண்ட இளைஞருக்காகக் கொழுந்து பறிக்கும் பெண்கள் வேலைக்குச் செல்லாது நின்றமை, அரசியற் கட்சிகளின் உடன்படிக்கைகள் எவற்றாலும் உண்டாகாத ஓர் ஒற்றுமையாகும். அவ்வொற்றுமையை அரசு எதிர்கொண்ட முறையோ பழையதே. கொலைக்கூட்டத்தின் முன் அசையாத இயந்திரம், கொலையைக் கண்டித்தோர் முன் உடனே அசைந்தது.

2001ஆம் ஆண்டு நிறைவேறிய பதினேழாவது திருத்தம் சுயாதீனத் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு வழிசெய்தது. 1940இல் அமைச்சர்கள் பதவி துறந்தமைக்குக் காரணமான வினாவுக்கு, அறுபதாண்டுகளின் பின்னர் தரப்பட்ட யாப்புவழி விடை அதுவெனலாம்: பொலிஸார் தேசாதிபதிக்குமன்று, அமைச்சருக்குமன்று, ஒரு பொது நிறுவனத்துக்குக் கட்டுப்பட்டோர். பின்வந்த திருத்தங்கள் அவ்வாணைக்குழுவின் வலிமையை ஆட்சிக்கேற்பக் குறைத்தும் கூட்டியும் வந்துள்ளன. 2022 ஏப்ரல் 19ஆம் நாள் றம்புக்கனையில் எரிபொருள் விலையுயர்வை எதிர்த்தோர் மீது பொலிஸார் சுட்டதில் ஒருவர் இறந்தபோது, மூத்த பொலிஸ் அதிகாரியொருவர் சில நாள்களுள்ளேயே கைதானார். சுடக் கட்டளையிட்டவரிலிருந்து விசாரணையைத் தொடங்கலாம் என்பதற்கு அது ஒரு முன்னுதாரணம். அத்தகைய விரைவு முல்லோயாவிலோ டெவனிலோ காணப்படாதது. பிந்துனுவெவவில் அறுபது பேருக்குக் கட்டளையிட வேண்டியிருந்தவர் எவர் என்னும் வினாவுக்கு ஆணைக்குழு கூறிய விடையோ வெளியிடப்படாத அறிக்கைக்குள்ளேயே தங்கிவிட்டது.